ஒரே பெயர், இரண்டு திரவம்

சைக்கிள் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் பராமரிப்பில் டாட் திரவமும் மினரல் ஆயிலும்: ஓர் ஒப்பாய்வு

"அண்ணே, பிரேக் ஆயில் இருக்கா?"

"எந்த வண்டிக்கு?"

"சைக்கிளுக்கு."

எங்கள் தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். சைக்கிளுக்கென்று அவரிடம் யாரும் பிரேக் ஆயில் கேட்டதில்லை. ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. பின்னால் கையை விட்டு ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார். அதில் 'டாட் 4' என்று போட்டிருந்தது. "எல்லா பைக்குக்கும் இதுதான் ஊத்துறாங்க. தைரியமா கொண்டு போங்க."

வாங்கியவர் என் நண்பர். வீட்டுக்குப் போய் ஊற்றியும் விட்டார். அவருடைய சைக்கிளுக்கு வேண்டியதோ மினரல் ஆயில். மூன்றாவது வாரம் லீவரை அழுத்தினால் அழுத்திய இடத்திலேயே நின்றது. பேட் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு விடவில்லை. பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த ரப்பர் சீல்கள் ஊறின பயறு மாதிரி உப்பியிருந்தன. லீவர், கேலிப்பர் இரண்டையும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நண்பர் கேட்டதிலும் பிழையில்லை. குணத்தில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு திரவங்களுக்கு நம் கடைத்தெருவில் 'பிரேக் ஆயில்' என்று ஒரே பெயர் புழங்குவதுதான் வினை. அதிலும் அந்தப் பெயரில் அதிகம் விற்பது எண்ணெயே இல்லாத ஒன்று. டாட் திரவம் கிளைக்கால் ஈதர் வகை ரசாயனம். அதில் எண்ணெய்ப் பிசுக்கு பெயருக்குக்கூட இல்லை.

இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டை சைக்கிள்காரர்களிடையே பல காலமாக நடக்கிறது. அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணல் என்று நினைக்கிறேன். என்னிடம் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று டாட், மற்றது மினரல். இவ்வளவு நாள் இரண்டையும் துடைத்து, பிரித்து, மாட்டிப் பழகியதில் தெரிந்துகொண்டது இதுதான்: இரண்டும் தண்ணீரை நடத்தும் விதம் வேறு, அதனால் நம்மிடம் கேட்கும் கவனமும் வேறு.

இரண்டுக்கும் பொதுவான உடம்பு

வித்தியாசத்துக்குப் போகுமுன் ஒற்றுமையைப் பார்த்துவிடலாம். பழைய சைக்கிளில் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புக் கம்பியோ கேபிளோ இருந்தது. ஹைட்ராலிக் பிரேக்கில் அந்த இடத்தில் திரவம் நிற்கிறது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதிதான் அடிப்படை. லீவருக்குள் இருக்கும் சின்ன பிஸ்டன் தள்ள, ஹோஸ் வழியே அழுத்தம் கீழே போய், கேலிப்பரிலுள்ள பெரிய பிஸ்டன்களை நகர்த்துகிறது. பேட்கள் இரு பக்கமும் டிஸ்க்கை நெரிக்கின்றன.

கேலிப்பர் பிஸ்டனைச் சுற்றிச் சதுர விளிம்புள்ள ஒரு ரப்பர் வளையம் உண்டு. பிஸ்டன் முன்னே போகும்போது வளையம் லேசாக முறுக்கிக்கொள்ளும். லீவரை விட்டதும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும். பேட் தேயத் தேய, பிஸ்டன் அந்த வளையத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி முன்னே குடியேறும். அதனால் கேபிள் பிரேக்கைப் போல அடிக்கடி திருகி இறுக்கும் வேலை இல்லை. எல்லாப் பொறுப்பும் அந்த ரப்பர் வளையத்தின் தலையில்தான். நண்பரின் சைக்கிளில் உப்பிப்போனதும் அதன் உறவுக்காரர்கள்தான்.

உப்பு ஜாடியும் தாமரை இலையும்

ஒருநாள் மாடியில் உட்கார்ந்து ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் டாட் திரவம், மற்றதில் சிவப்பு மினரல் ஆயில். இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடிக் குலுக்கினேன். டாட் குப்பியில் விட்ட தண்ணீர் போன இடம் தெரியவில்லை. தண்ணீர் சேராத திரவம் எப்படி இருந்ததோ அப்படியே தெளிவாக நின்றது. மினரல் குப்பி பால் கலந்தது போல் கலங்கியது. வைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் தண்ணீர் தனியே பிரிந்து, முத்து முத்தாகக் குப்பியின் அடியில் உட்கார்ந்திருந்தது.

மொத்தக் கதையும் அந்த இரண்டு குப்பிகளில் இருக்கிறது.

டாட் திரவம் ஈரத்தை உறிஞ்சும். அடைமழைக் காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி தானாகக் கசிகிறதே, அந்தக் குணம். பாட்டிலைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். மூடிய பிரேக்கிலும் ஹோஸ் வழியாக, சீல்கள் வழியாக, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறும். ஏறிய ஈரம் ஓரிடத்தில் தேங்காமல் திரவம் முழுவதும் சீராகப் பரவும்.

மினரல் ஆயிலுக்குத் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீர்தான். ஒட்டாது, கலக்காது. காற்றிலுள்ள ஈரத்தையும் தேடிப் போய் இழுக்காது. ஆனால் எப்படியோ ஒரு துளி உள்ளே வந்துவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. எண்ணெயைவிடக் கனமானதால் கீழே இறங்கும். பிரேக்கில் கீழ்ப்பகுதி எது? கேலிப்பர். சூடு அதிகம் ஏறும் இடமும் அதுவே.

நல்லவர் கெட்டவர் என்று இரண்டையும் பிரிக்க முடியாமல் போவது இங்கேதான். டாட் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு மெல்ல மெல்லத் தேய்கிறது. மினரல் தண்ணீரை ஒதுக்கிவைத்துப் பல வருஷம் அப்படியே இருக்கிறது. ஒதுக்கிய அந்தத் துளியே ஒருநாள் மலை இறக்கத்தில் வேலையைக் காட்டலாம்.

எழுபது வளைவில் ஒரு பாடம்

கொதிநிலை ஏன் முக்கியம் என்பதைக் கொல்லிமலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கார், பேருந்து என்றால் கியரில் இறங்கும். சைக்கிளுக்கு எஞ்சின் பிரேக்கிங் ஏது? இறங்கும் வேகம் முழுவதும் பேட்டில் உராய்ந்து சூடாக மாறியே தீர வேண்டும்.

அன்று நான் ஓட்டியது டாட் சைக்கிள். மூன்று வருஷமாகத் திரவம் மாற்றவில்லை. பாதி வளைவுகள் தாண்டியதும் முன் லீவர் பஞ்சு போல் அமுங்க ஆரம்பித்தது. இன்னும் நாலு வளைவில் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்தது. ஓரமாக நிறுத்தி, குரங்குகளோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டிஸ்க் ஆறியதும் லீவர் ஒன்றும் நடக்காதது போல் பழைய இறுக்கத்துக்குத் திரும்பியது. வீட்டுக்கு வந்து வடித்தபோது வந்த திரவம் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

நடந்தது இதுதான். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். உள்ளே கொஞ்சம் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், லீவரை அழுத்தும் பலம் பேட்டுக்குப் போகாமல் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும்.

டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஆங்கில முதலெழுத்துகள். அந்தத் துறை வகுத்த தரம் இரண்டு கொதிநிலைகளைச் சொல்கிறது. புதிய திரவத்துக்கு ஒன்று, சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய திரவத்துக்கு மற்றொன்று. டாட் 4 குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் 155. டாட் 5.1-க்கு 260, ஈரம் ஏறினால் 180. பழசாகப் பழசாக எவ்வளவு இறங்கும் என்பதைப் பாட்டில் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. எந்தக் கம்பெனி பாட்டிலை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மினரல் ஆயிலுக்கு இப்படிப் பொதுத் தரம் கிடையாது. பிரேக் கம்பெனிகளில் ஷிமானோவின் சிவப்பு எண்ணெய் வேறு, மகுராவின் நீல எண்ணெய் வேறு. அவரவர் எண்ணெய், அவரவர் கணக்கு. எண்ணெய் எவ்வளவு உயர்ந்த சூட்டைத் தாங்கினாலும் கேலிப்பரில் தங்கிய தண்ணீர்த் துளி நூறு டிகிரியை ஒட்டியே கொதிக்கும். டாட்டில் கலந்த தண்ணீர் முழுத் திரவத்தின் கொதிநிலையைக் கொஞ்சம் இறக்குகிறது. மினரலில் கலக்காத தண்ணீர் தன் சொந்தக் கொதிநிலையோடு தனியே காத்திருக்கிறது.

காலண்டரும் கண்ணும்

இந்தக் குண வேறுபாடு பராமரிப்பில் எப்படி வெளிப்படுகிறது என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது.

டாட் பிரேக்குக்குக் காலண்டர் வேண்டும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். எனவே வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும். நான் ஆயுத பூஜையைக் குறித்து வைத்திருக்கிறேன். சைக்கிளைக் கழுவித் துடைக்கிற நாள், வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய நாள்கள், மறக்க முடியாத தேதி. (ஒரு எச்சரிக்கை: சந்தனம் குங்குமத்தை ஹேண்டில்பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பளபளவென்று இருக்கிறதே என்று டிஸ்க்கில் பொட்டு வைத்தால் சாமி காப்பாற்றலாம், பேட் காப்பாற்றாது.)

மினரல் பிரேக்குக்குக் கண் வேண்டும். ஷிமானோ கையேடு எண்ணெய் நிறம் மாறினால் மாற்றச் சொல்கிறது. இளஞ்சிவப்பாக இருந்தது கறுத்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். லீவரின் அமுக்கத்தை விரல் நினைவில் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேலிப்பர் முனையிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்த்துவிடலாம். அடியில் தங்கிய அழுக்கும் ஈரமும் அந்த முதல் சில துளிகளிலேயே வந்துவிடும்.

பாட்டிலிலும் இதே பாடம். டாட் பாட்டில் திறந்த நாளிலிருந்து கெட ஆரம்பிக்கிறது. வேண்டிய அளவுக்குச் சின்ன பாட்டிலாக வாங்கி, மிச்சத்தை ஆசைப்பட்டுச் சேர்த்து வைக்காமல் இருப்பது நல்லது. மினரல் பாட்டில் இறுக மூடியிருந்தால் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்கும்.

காற்றெடுக்கும் வேலை

மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்கிறது', 'ப்ளீட் பண்றது' என்று சொல்லும் வேலைதான் இந்தப் பிரேக்கின் பெரிய பராமரிப்பு. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிப் புதுத் திரவம் நிரப்புவது. இரு முகாம்களும் இதை வேறு வேறு விதமாகச் செய்கின்றன.

ஷிமானோ முறையில் லீவரின் மேல் ஒரு சின்னப் புனலைத் திருகி மாட்டுகிறோம். கேலிப்பரில் பேட்களைக் கழற்றி, பிஸ்டன் வெளியே வந்துவிடாமல் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டையைச் செருகுகிறோம். கீழேயிருந்து சிரிஞ்சால் எண்ணெயை ஏற்றினால் காற்று தன் இயல்புப்படி மேலே ஏறிப் புனலில் குமிழாக உடைகிறது. ஹோஸை விரலால் சுண்டிக்கொண்டே, லீவரை மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டால், ஒளிந்திருந்த கடைசிக் குமிழும் 'ப்ளுக்' என்று வெளியே வரும். அந்தச் சத்தம் நின்ற பிறகும் இரண்டு நிமிஷம் பொறுத்திருப்பவர்தான் நல்ல மெக்கானிக்.

டாட் பயன்படுத்தும் ஸ்ராம் கம்பெனியின் முறையில் மேலே ஒரு சிரிஞ்ச், கீழே ஒரு சிரிஞ்ச். திறந்த புனல் இல்லை. காற்றின் ஈரத்தை இழுக்கும் திரவத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. மாட்டுமுன் சிரிஞ்சின் வாயை அடைத்து, பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே வெற்றிடம் உண்டாகித் திரவத்தில் கரைந்திருந்த காற்று பொடிப் பொடிக் குமிழாகக் கிளம்பும். சோடா பாட்டிலைத் திறந்தது போல் இருக்கும். அதை முதலில் விரட்டிவிட்டுத்தான் பிரேக்கில் ஏற்ற வேண்டும்.

மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து செய்கிறவருக்கு மினரல் வேலை இலகு. சிந்தினால் துடைத்துவிடலாம், கையில் பட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. டாட் பெயிண்டைத் தின்னும். சட்டத்தில் ஒரு சொட்டு விழுந்து கவனிக்காமல் விட்டால் அங்கே பெயிண்ட் சுருங்கி உரியும். தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல், கையுறை கட்டாயம். அதற்கும் ஒரு நல்ல குணம் உண்டு: தண்ணீரில் கரைவதால், உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். பக்கத்தில் ஒரு மக் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் டாட் வேலையில் உட்காருவேன்.

ரப்பருக்குத் தெரிந்த ரகசியம்

ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஏன் ஊற்றக் கூடாது? சீல் ரப்பர்தான் காரணம். டாட் பிரேக்குகளில் ஈ.பி.டி.எம். வகை ரப்பர், மினரல் பிரேக்குகளில் நைட்ரைல் வகை. முதலாவது எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். இரண்டாவது கிளைக்காலைத் தாங்காது. கலந்த பிறகு கழுவி ஊற்றிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது வீண். ஊறிய ரப்பர் பழைய அளவுக்கு நம்பகமாகத் திரும்பாது.

மோட்டார் உலகம் இந்தப் பிரச்சினையை முன்பே ஒருமுறை சந்தித்திருக்கிறது. 1955-இல் பிரான்ஸின் சிட்ரோயன் நிறுவனம் டி.எஸ். என்ற காரை வெளியிட்டது. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் ஒரே ஹைட்ராலிக் அமைப்பில் இயக்கிய வண்டி. அதில் ஊற்றிய சிவப்புத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் ரகம். உள்ளுறுப்புகளில் துரு ஏறியது. 1960-களின் பிற்பகுதியில் நிறுவனம் பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறியது. மாறியபோது சீல்களையும் மாற்றியது. பழைய பாகத்தோடு புதிய பாகம் கலந்துவிடக் கூடாதென்று புதிய ஹைட்ராலிக் பாகங்களுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தது. மெக்கானிக்குக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, பச்சைக்குப் பச்சை என்று தெரிந்தால் போதும்.

சைக்கிளில் அந்த ஒழுங்கு வரவில்லை. மினரலிலேயே ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பெயர்க் குழப்பம் டாட் வீட்டுக்குள்ளேயும் உண்டு: டாட் 5.1 கிளைக்கால் வகை, டாட் 5 சிலிக்கோன் வகை. ஒரு புள்ளியும் ஓர் எண்ணும்தான் வித்தியாசம். ஒன்றின் இடத்தில் மற்றது ஆகாது.

கம்பெனிகளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ மினரல் பக்கம். இங்கிலாந்தின் ஹோப் டாட் பக்கம். டாட் முகாமின் பெரிய பெயரான ஸ்ராமே 2022-இல் டிபி8, 2024-இல் மேவன் என்று மினரல் பிரேக்குகளை இறக்கியது. கூடவே டாட் பிரேக்குகளும் தொடர்கின்றன. எனவே கம்பெனி பெயரை வைத்துத் திரவத்தை ஊகிக்கும் காலமும் போய்விட்டது.

எதை ஊற்றினாலும் இவை மாறா

சில விதிகளுக்குத் திரவ பேதம் இல்லை. சக்கரத்தைக் கழற்றிய பிறகு லீவரை அழுத்தக் கூடாது; நடுவில் டிஸ்க் இல்லாததால் பிஸ்டன்கள் ஒன்றையொன்று நோக்கி வந்துவிடும். வந்துவிட்டால் ஸ்குரூடிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் டயர் லீவரால் மெதுவாகத் தள்ள வேண்டும். சில பிஸ்டன்கள் பீங்கான், விளிம்பு உடையும். ஷிமானோ கணக்குப்படி பேட்டின் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் மாற்ற வேண்டும், 1.8 மில்லிமீட்டர் டிஸ்க் 1.5-க்கு வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம், விரலால் தடவக் கூடாது. செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கை மூடிக்கொள்ள வேண்டும். எண்ணெயோ டாட்டோ, குடித்த பேட்டுக்கு மறுவாழ்வு தேடுவதைவிடப் புதுசு வாங்குவதே மலிவு.

யாருக்கு எது?

முடிவாக என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கடலோர ஊரில் இருந்துகொண்டு, வாரம் ஒருமுறை ஓட்டி, மீதி நாள் சைக்கிளை மறந்துவிடுகிற நம்மில் பலருக்கு மினரல் பொருத்தம். புழுக்கமான காற்று அதை ஒன்றும் செய்யாது. நம் மறதியை அது மன்னிக்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து பைப்பால் பீய்ச்சிக் கழுவாமல் இருந்தால் போதும்.

தேதி தவறாமல் வேலை செய்கிறவர்கள், மலை ஏறி இறங்குகிறவர்கள் டாட்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எழுதி வைத்த தரம் அதன் பெரிய பலம். எந்தச் சின்ன ஊரில் மாட்டிக்கொண்டாலும் மோட்டார் பைக் ஸ்பேர் கடையில் டாட் 4 கிடைக்கும்; பல டாட் பிரேக்குகளை அதை ஊற்றி வீடுவரை ஓட்டி வந்துவிடலாம். மினரல்காரர் பார்சல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த அவசரத்தில் தையல் மிஷின் எண்ணெயையும் குழந்தை எண்ணெயையும் தேடிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவையும் மினரல் எண்ணெய்தான். ஆனால் அந்தப் பிரேக்கின் சீலுக்கும் சூட்டுக்கும் கணக்கிட்டுச் செய்தவை அல்ல.

கொல்லிமலையில் என்னைக் கைவிட்டதும் டாட் இல்லை. மூன்று ஆயுத பூஜைகளைத் தவறவிட்ட நான்தான்.

நண்பர் தன் புது லீவரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கடைக்காரரிடம் காட்டினார். மூடியில் 'மினரல் ஆயில் மட்டும்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு பையன் சைக்கிளுக்கு பிரேக் ஆயில் கேட்டு நின்றபோது நானும் கடையில் இருந்தேன். அவர் பாட்டிலை எடுக்கவில்லை.

"லீவர் மூடியில என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு வா தம்பி."